பூவாயிக்குப் பல் வைத்த கதை

காலை எட்டரை மணிக்குக் கடை ஷட்டரை முழுசாகத் தூக்கி முடிப்பதற்குள் போன் அடித்தது. பகலவன் ஒரு கையால் ஷட்டரைத் தாங்கிக்கொண்டு மறு கையால் போனைக் காதில் வைத்தான். நைனார்பாளையத்திலிருந்து அக்கா நிர்மலா.

"தம்பி, கெளம்பிட்டோம்டா. குட்டியானை வந்து நின்னுக்கினு இருக்குது. செட்டு மொத்தமும் வருது, பதினோரு பேரு."

"எங்கக்கா?"

"இன்னாடா எங்கன்னு கேக்கற? மலைக்குத்தான். என்னை வெச்சி படம் எடுக்கறாங்க, அத்த நான் பாக்க வேணாமா?"

ஷட்டர் கையை விட்டுச் சடசடவென்று இறங்கியது. நல்ல வேளை, கால் கட்டைவிரல் தப்பியது. "இன்னிக்கு வேணாம்க்கா, இன்னொரு நாள் நானே இட்டுக்கினு போறேன்" என்று சொல்லிப் பார்த்தான்.

"வண்டி சொல்லியாச்சி, புளிச்சோறு கட்டியாச்சி. பெரியம்மாளு புதுச்சேலை கட்டிக்கினு முன் சீட்டுல குந்திக்கினு இருக்கா. அவள எறக்கிவுட உன்னால ஆவுமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு அக்கா போனை வைத்துவிட்டாள்.

செட்டு என்றால் களையெடுக்க, கரும்பு வெட்ட, மரவள்ளி பிடுங்க ஒன்றாகக் கூலிக்குப் போகும் பெண்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செட்டில் ஒருத்திக்கு நல்லது கெட்டது என்றால் மொத்தச் செட்டும் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகும். கல்யாணமானாலும் சரி, சாவானாலும் சரி, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பதானாலும் சரி. ஆகவே நிர்மலா தனியாக வந்து, பார்த்து, தனியாகத் திரும்பிப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவளுக்கு நடக்கப் போவது பத்துப் பேர் கண் முன்னால்தான் நடக்கும்.

பகலவன் ஷட்டருக்குப் பூட்டைப் போட்டான். ஜாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெரியவர், "இன்னாப்பா, இப்பத்தான தொறந்த?" என்றார். அவருக்குப் பதில் சொல்லவும் இல்லை. பைக்கை உதைத்தான். அது நாலாவது உதைக்குத்தான் கிளம்பியது, அதற்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

இந்தப் பதற்றத்துக்குக் காரணம் அவனே எழுதிய நாவல்தான். கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஆள் நாவல் எழுதினான் என்றால் முதலில் யாரும் நம்பவில்லை. மனு டைப் அடிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில், அதே கம்ப்யூட்டரில், மூன்று வருடம் தட்டித் தட்டி இருநூற்று நாற்பது பக்கம் சேர்த்தான். 'மறுதாம்பு' என்று பேர் வைத்தான். வெட்டிய கரும்பின் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வருவதைத்தான் மறுதாம்பு என்பார்கள். கதாநாயகி பூவாயி, கரும்பு வெட்டுகிறவள், யாருக்கும் அடங்காதவள். புத்தகத்துக்கு ஒரு பரிசு கிடைத்தது. சென்னையிலிருந்து நாலு பேர் நல்லபடியாக எழுதினார்கள். அவர்கள் எல்லோரும் எடுத்துக் காட்டியது நாவலின் முதல் வரியை.

'பூவாயி வருவதற்கு முன்னால் அவளுடைய பல் வந்துவிடும்.'

நிர்மலாவுக்கு எத்துப்பல். மேல் வரிசையில் நாலு பல் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அவளுக்குப் பத்தொன்பது வயதில் சங்கராபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமன் காபி டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, "பொண்ணு வரத்துக்கு முன்னாடி பல்லு வந்துடுதே" என்றான். வந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பதினோரு வயதுப் பகலவன் பின்கதவோரம் நின்று அதைக் கேட்டான். பிற்பாடு அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, நல்ல மனுஷன், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அந்த வார்த்தை மட்டும் பகலவனுக்குள் இருபத்தைந்து வருடம் கிடந்து, கடைசியில் நாவலின் முதல் வரியாக வெளியே வந்தது. அந்த மாமன்காரனைப் பழி தீர்த்துவிட்டதாகவே அவன் நினைத்துக்கொண்டான்.

அக்காவிடம் அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கதையில வர்றது நீதான்க்கா. ராணி மாதிரி எழுதியிருக்கேன்." நிர்மலா கையெழுத்துப் போடுவாள், பஸ் போர்டு படிப்பாள், அதற்கு மேல் எழுத்து ஓடாது. புத்தகத்தைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கள்ளக்குறிச்சியில் நடந்த விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். கதையில் என்ன வருகிறது என்று யாராவது கேட்டால், "நான் வரேன்" என்பாள். சொல்லும்போதே முகம் விரிந்துவிடும். அந்த நம்பிக்கையைத்தான் இன்றைக்கு அவள் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வருகிறாள்.

இதில் கொடுமை என்னவென்றால், சும்மா விட்டிருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது. படத்துக்கு உரிமை வாங்கிய டைரக்டர் இளவரசன், பூவாயிக்குப் பல் வைக்க நினைக்கவே இல்லை. தனிஷா என்ற பம்பாய்ப் பெண்ணைப் பிடித்து, மூஞ்சிக்கு மட்டும் கறுப்பு மாவு பூசி, போஸ்டர் விட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்குப் பல் அரிசி கோத்தமாதிரி இருந்தது. அது மட்டுமா? நைனார்பாளையத்துக் கதையைத் தூக்கிக் கல்வராயன் மலையில் வைத்தார், பனிமூட்டம் அழகாக இருக்குமாம். பூவாயியின் தம்பியைக் கதையிலிருந்தே எடுத்தார். கடைசி அத்தியாயத்தை மாற்றினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பகலவன், பல்லுக்கு மட்டும் எகிறிக் குதித்தான்.

முகநூலில் எழுதினான். 'ஊரை எடுத்தீர்கள், பொறுத்தேன். கதையின் முடிவை மாற்றினீர்கள், பொறுத்தேன். பூவாயியின் பல்லைத் திருப்பிக் கொடுங்கள்' என்று. ஆயிரத்து நானூறு பேர் பகிர்ந்தார்கள். அழகில்லாத பெண்ணுக்குக் கூட அழகியைத்தான் போடுவீர்களா என்று ஊரே டைரக்டரைக் கேள்வி கேட்டது. ரெண்டு யூடியூப்காரர்கள் கடைக்கே வந்து பேட்டி எடுத்தார்கள். இளவரசன் இறங்கி வந்தார். சென்னையில் ஒரு பல் டாக்டரைப் பிடித்து, தனிஷாவின் வாயை அச்செடுத்து, மேலே மாட்டிக்கொள்கிற மாதிரி நாலு எத்துப்பல் செய்தார்கள். போட்டோ வாட்ஸப்பில் வந்தது. பகலவன் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. மனைவி மணிமொழி மட்டும் போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு, "இத்த உங்க அக்கா பாத்தா?" என்று கேட்டாள்.

"அது எங்க பாக்கப் போவுது?" என்றான் மகா எழுத்தாளன்.

கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் மூன்று தடவை பைக்கை நிறுத்தி டைரக்டருக்குப் போன் போட்டான். மூன்று தடவையும் யாரோ ஒரு பெண் குரல் ஸ்விட்ச் ஆப் என்று சொன்னது. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் சிக்னலும் போய்விட்டது. குட்டியானை சின்னசேலம் சுற்றி வரவேண்டும், எப்படியும் ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டான். அடுத்த வளைவில் அந்தக் கணக்கின் மேல் நம்பிக்கை போய்விட்டது. பல் வேண்டாம் என்று என்ன சொல்லிக் கேட்பது? தலைவலி என்று சொல்லலாமா? சாமி குற்றம் என்று சொல்லலாமா? நடிகையின் ஈறுக்கு ஆகாது என்று சொன்னால்? ஒவ்வொரு வளைவிலும் ஒரு பொய் யோசித்தான், அடுத்த வளைவில் அது அவனுக்கே சிரிப்பாக இருந்தது. எதிரே இறங்கிய மரவள்ளி லாரிக்காரன், "சாவுக்காடா போற?" என்று கத்திவிட்டுப் போனான்.

வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம், சாமை அறுத்த காட்டில் ஷூட்டிங். மலைமேல் கரும்புக்காடு வேண்டும் என்பதால், கீழேயிருந்து லாரியில் கரும்பு ஏற்றிவந்து ஒவ்வொன்றாக நட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற அது வாடியது. ரெண்டு பேர் மருந்து தெளிக்கிற டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அதன் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"வாங்க ரைட்டர் சார்!" என்று இளவரசன் கட்டிப் பிடித்துக்கொண்டார். "கரெக்டான நாள்ல வந்திருக்கீங்க. இன்னிக்குத்தான் பல்லு."

"சார், ஒரு சின்ன விஷயம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பல்லு வேணாமே."

இளவரசன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார் விளையாடறீங்க? பல்லு இல்லன்னா பூவாயியே இல்லன்னு ஊரக் கூட்டி என்னை நாறடிச்சது நீங்கதானே?"

"எங்க அக்கா வருது சார். பூவாயி அதுதான். அதுக்கு... அதுக்கு அந்த மாதிரி பல்லு."

"அப்படியா!" டைரக்டரின் கண் பளிச்சென்றது. "சூப்பர் சார்! ஒரிஜினலே வர்றாங்களா? பக்கத்துல உக்கார வெச்சிப் பாக்கலாமே. சார், உண்மையச் சொல்றேன், மொதல்ல எனக்கு உங்க மேல கோவம்தான். இப்போ இந்தப் பல்லுதான் படமே. உங்க மொத வரியவே குரலா வெச்சி ஹீரோயின் என்ட்ரி. அருள்மொழி! சாருக்கு டீ குடு."

இனி இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. பகலவன் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சாலையைப் பார்த்தான், மணியைப் பார்த்தான், மறுபடி சாலையைப் பார்த்தான். மேக்கப் பந்தலில் பொன்னுரங்கம் என்ற வயதான மேக்கப்காரர், "ரைட்டர் சார்தானே? வாங்க, உங்க பல்ல பாருங்க" என்று கூப்பிட்டு ஒரு நீல பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். இளஞ்சிவப்பு ஈறோடு நாலு பல். லேசாகக் காவி படிந்த மஞ்சள். நிர்மலாவின் வாயிலிருந்து கழற்றி எடுத்த மாதிரியே இருந்தது. 

யாரோ கூப்பிட, பொன்னுரங்கம் எழுந்து கேரவன் பக்கம் போனார். பகலவன் சுற்றும் முற்றும் பார்த்தான். டப்பாவை எடுத்து பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். ஆயிரத்து நானூறு பேர் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பல்லை அவனே திருடிவிட்டான். ஒரு மனுஷன் தன் வாழ்நாளில் இதைவிடக் கேவலமாக என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை, ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவனுக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பல் இல்லையென்றால் ஷாட் இல்லை. ஷாட் இல்லையென்றால் அக்கா நாலு கரும்பையும் ஒரு அழகான பெண்ணையும் பார்த்துவிட்டு, புளிச்சோறு தின்றுவிட்டு, சந்தோஷமாக வீடு போய்ச் சேருவாள்.

அப்போது கீழே ஹாரன் அடித்தது.

குட்டியானையிலிருந்து பதினோரு பேரும் ஒவ்வொருத்தியாகக் குதித்து இறங்கினார்கள். நிர்மலா கடைசியாக இறங்கினாள். மேடையில் சால்வை வாங்கிய அன்றைக்குக் கட்டிய அதே கத்தரிப்பூ நிறச் சேலை. கனகாம்பரம் வைத்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும், "தோ, எனக்கு முன்னாடியே வந்துட்டியா? கடைய யாருடா பாத்துக்கறது?" என்றாள்.

இளவரசன் ஓடி வந்து கும்பிட்டார். "வாங்கம்மா, நீங்கதான் எங்க பூவாயி!" செட்டு மொத்தமும் நிர்மலாவை ஒரு இடி இடித்தது. மானிட்டர் என்று சொல்கிற சின்ன டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். மற்றவர்கள் அவளைச் சுற்றித் தரையில் குந்திக்கொண்டார்கள். பகலவன் பின்னால் நின்றான். பைக்குள் டப்பா தொடையில் அழுந்தியது. இப்போது சத்தம் கேட்கும், பல்லைக் காணோம் என்று அலறுவார்கள் என்று காத்திருந்தான். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

கேரவன் கதவு திறந்தது. தனிஷா இறங்கி வந்தாள். மேல் உதட்டைத் தாண்டி நாலு பல் நீட்டிக்கொண்டிருந்தது.

பகலவன் பையைத் தொட்டுப் பார்த்தான். டப்பா அங்கேயேதான் இருந்தது. பக்கத்தில் வந்து நின்ற பொன்னுரங்கம் காதோரம் சொன்னார், "இந்த மாதிரி அயிட்டம் எப்பவும் ரெண்டு செட்டு செஞ்சிடுவோம் சார். ஒண்ணு ஒடைஞ்சிட்டா ஷூட்டிங் நிக்கக்கூடாது பாருங்க. டப்பால இருந்தது ஸ்பேர். நீங்களே வெச்சிருக்கீங்களா, இல்ல நான் வாங்கிக்கட்டுமா?" பகலவன் டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தான். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சைலன்ஸ்!" என்று யாரோ கத்தினார்கள். தனிஷா அரிவாளோடு கரும்புக்குள் போய் நின்றாள். உதவி டைரக்டர் அருள்மொழி, ஷாட்டோடு நேரம் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்காக மைக்கில் அந்த வரியைப் படித்தாள். காடு முழுக்கக் கேட்டது.

"பூவாயி வருவதற்கு முன்னால் அவளுடைய பல் வந்துவிடும்."

தோகையை விலக்கிக்கொண்டு தனிஷா வெளியே வந்தாள். வாய் திறந்திருந்தது. பல் முதலில் வந்தது, அப்புறம்தான் முகம். தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தரையில் இருந்த பெரியம்மாள், "யம்மா! நிம்மி, அப்பிடியே உன்ன மாதிரியே..." என்று குஷியாக ஆரம்பித்தவள், மேலே நிமிர்ந்து நிர்மலாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். 

நிர்மலா திரும்பித் தம்பியைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுத்து நரம்பு மட்டும் ஒரு தடவை இழுத்துக்கொண்டதைப் பகலவன் பின்னாலிருந்து பார்த்தான். அந்த வரி யார் வாயிலிருந்து வந்ததென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்போது அது யார் கை வழியாக இங்கே வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. அவனுக்கு ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கிப் போட வேண்டும் போலிருந்தது. 

ரெண்டாவது தடவை எடுத்தார்கள். மூன்றாவது தடவை. அருள்மொழி ஒவ்வொரு தடவையும் அந்த வரியைத் தெளிவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஏழாவது தடவையும் இளவரசன் தலையை ஆட்டினார். "எங்கயோ இடிக்குது. பல்லு சரியா இருக்கு, ஆனா மனுஷி இல்ல. மாஸ்க் போட்ட மாதிரி இருக்கு" என்று தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார்.

நிர்மலா எழுந்தாள். பகலவன் "அக்கா" என்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேமராவுக்குக் குறுக்கே நேராக நடந்து தனிஷாவின் எதிரில் போய் நின்றாள். அவள் அந்தப் பெண்ணை அறைந்துவிடப் போகிறாள் என்றே பகலவன் நினைத்தான்.

"யம்மாடி, தப்பா நெனச்சிக்காத. நீ வாயத் தொறந்துக்கினு நிக்கிற. நாங்க அப்பிடி நிக்க மாட்டோம்."

தனிஷாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். மீதியை அருள்மொழி பக்கத்தில் நின்று சொன்னாள்.

"மேல் ஒதட்ட இப்பிடி கீழ இழுத்து வெச்சிக்குவோம். தூங்கற நேரம் தவுத்து எப்பவும். அதனால ஒதடு காஞ்சிக்கினே இருக்கும், நாக்கால நனைச்சிக்கணும். எங்க, நனை? ம். பேசும்போது எதுர்ல இருக்கறவங்க கண்ணப் பாக்காத. அவங்க உன் கண்ணப் பாக்க மாட்டாங்க, பல்லத்தான் பாப்பாங்க. சிரிப்பு வந்தா தலைய அந்தாண்ட திருப்பிக்கோ. முந்தானை ஒரு கையில ரெடியா இருக்கணும். கையில அருவா இருந்தா முழங்கைய வெச்சி மூடு. யாராவது போட்டோ புடிச்சா மூச்ச அடக்கிக்கோ. கண்ணாடி பாத்தா கண்ணு மட்டும் பாரு."

 டேங்கை முதுகில் சுமந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தனிஷா உதட்டை இழுத்தாள், நனைத்தாள், முழங்கையைத் தூக்கி வாயை மூடிப் பார்த்தாள். நிர்மலா அவள் முழங்கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மேலே வைத்தாள். "ஆங், இப்பிடி. இப்ப பாரு, பல்லு வெளிய தெரியல. ஆனா இருக்கறது தெரியுது, பாத்தியா?"

எட்டாவது தடவை தனிஷா கரும்பை விலக்கிக்கொண்டு வந்தாள். ஆட்களைக் கண்டதும் அரிவாள் பிடித்த கையின் முழங்கை தானாக மேலே போயிற்று. உதடு இறங்கியது. கண் தரைக்குப் போயிற்று. இளவரசன் 'கட்' சொல்லவே மறந்துவிட்டார். அருள்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுதான்! இவதான் பூவாயி!" என்று இளவரசன் கத்தினார். பகலவன் பக்கம் திரும்பி, "ரைட்டர் சார், இது ஏன் சார் புக்ல இல்ல? இருநூத்தி நாப்பது பக்கத்துல ஒரு இடத்துல கூட இல்லயே?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பகலவன் வாயைத் திறந்தான். பல்லைப் பற்றி எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறான்! கரும்பு கடிக்கிற பல், காசைக் கடித்துப் பார்க்கிற பல், தெருவே நடுங்கச் சிரிக்கிற பல். மூடிய வாய் ஒன்றுகூட இல்லை. அவன் அதைப் பார்த்ததே இல்லை என்றுதான் ஞாபகம் சொன்னது. கூடப் பிறந்தவளிடம் ஒருவன் எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? அதுதான் அவனுக்கே விளங்கவில்லை.

மதியத்துக்குக் குட்டியானை நிழலில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நிர்மலா வண்டிக்குப் பின்பக்கம் தனியாக நின்றிருந்தாள். பகலவன் போய்ப் பக்கத்தில் நின்றான். 

"அந்த சங்கராபுரத்தான் சொன்னது உனக்கு எப்பிடிடா தெரியும்?" என்று அவளே கேட்டாள்.

"கேட்டேன்க்கா. பின்கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன்."

"உன்ன சோடா வாங்க அனுப்பனேனே."

"காலி பாட்டில மறந்துட்டுத் திரும்பி வந்தேன்."

அவள் தலையாட்டிக்கொண்டாள். "சோடா வூட்லயே இருந்திச்சி. வர்றவங்க ஏதாவது சொல்லுவாங்க, உன் காதுல வுழ வேணாம்னுதான் அனுப்பனேன்."

 "அக்கா, அந்தாளுகிட்டருந்து அந்த வார்த்தயப் புடுங்கிடணும்னுதான்க்கா எழுதனேன். கடைசியில பூவாயிதான் ஜெயிக்கறா. படிச்சவங்க எல்லாரும் அவளக் கையெடுத்துக் கும்புடறாங்க. உண்மையாக்கா. ஒரு வார்த்த கூட உன்னக் கம்மியா..."

"நல்லாத்தான் எழுதியிருப்ப. நீ கெட்டது எழுதுவியா?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "ஊர்ல எல்லாரும் அத்தத்தான் பாத்தாங்க. பாத்துட்டுப் போங்கன்னு வுட்டுட்டேன். என் தம்பி கண்ணுக்கு மட்டும் அது தெரியலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. இத்தினி வருசமா."

 வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மாள் கத்தினாள். "நிம்மி, வாடி சோறு துன்ன! அந்த டைரட்டரு உன்னப் பாத்த பார்வைக்கி, அடுத்த படத்துல நீதான்டி ஈரோயினி. எங்கள மறந்துடாத!" செட்டு மொத்தமும் கொல்லென்று சிரித்தது.

நிர்மலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தலையை அந்தாண்டை திருப்பி, முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

பகலவன் பார்த்தான். நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாகப் பார்த்தான். அக்கா அவனிடம் பேசும்போது வாயைத் திறந்துதான் பேசுவாள். திறந்துதான் சிரிப்பாள், சாணி வாரிய கையோடு தலையை நிமிர்த்தித் திட்டுவாள். உலகத்திலேயே அவன் ஒருவன் முன்னால்தான் அவள் மூடாமல் இருந்திருக்கிறாள். புத்தகத்தில் மூடிய வாய் இல்லாததற்கு அதுதான் காரணம் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. 

சிரிப்பு அடங்கிவிட்டது. முந்தானை இறங்கவில்லை.

"நீ சாப்டியாடா?" என்று அதற்குப் பின்னாலிருந்து கேட்டாள்.